மாஸிலனும் கேன்டனும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒஹையோ மாகாணத்தில், ஸ்டார்க் என்னும் ஜில்லாவில், ஏறக்குறைய எட்டு மைல் இடைவெளியில் மாஸிலன் என்றும் கேன்டன் என்றும் இரண்டு நகரங்கள் இருக்கின்றன. தேசப்படத்தில் தேடிப் பார்க்கிறவருக்கு இவற்றில் விசேஷமாக ஒன்றும் புலப்படாது. எஃகு உருக்கிப் பிழைத்து, அந்தத் தொழில் நொடித்தபோது தாமும் நொடித்து, எப்படியோ சமாளித்துக்கொண்டு நிற்கும் எத்தனையோ ஊர்களில் இவையும் இரண்டு. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் கழியும் தறுவாயில், மாஸிலன் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் கேன்டன் மெக்கின்லி உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் எதிரெதிரே நின்று கால்பந்து ஆடும் அந்த ஒரு நாளை முன்னிட்டு, ஒரு நகரம் ஆரஞ்சு நிறமும் கறுப்பும் உடுத்திக்கொள்கிறது, மற்றது சிவப்பும் கறுப்பும் உடுத்திக்கொள்கிறது. வாரம் முழுவதும் ஊர்வலமும் கூட்டமும் பேண்டு வாத்தியமுமாக இருக்கிறது. பதினாறு பதினேழு வயதுப் பையன்களின் கைகால் வன்மையைப் பற்றி, பேரன் பேத்தி எடுத்த கிழவர்கள் அதிகாரத்தோடு விவாதிக்கிறார்கள்.

இங்கே கால்பந்து என்பது நம் ஊர் மைதானங்களில் ஆடப்படுவது அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், தோழனுக்கு வீசி எறிந்தும், நூறு கஜ நீளமுள்ள மைதானத்தில் எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே அந்த ஆட்டத்தின் நோக்கம். பக்கத்துக்குப் பதினொருவர், பந்து கைவசமிருக்கும் கட்சிக்குப் பத்துக் கஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு, அதற்குள் முன்னேறாவிட்டால் பந்தை எதிரியிடம் ஒப்படைக்க வேண்டும், எல்லைக்குள் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளிகள். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி வீழ்த்துவதைப் புதிதாகப் பார்க்கிறவருக்கு அது வெறும் மல்யுத்தமாகத் தோன்றும். சற்றுப் பழகினால், ஒவ்வொரு மோதலும் முன்கூட்டியே காகிதத்தில் வரைந்து மனப்பாடம் செய்யப்பட்டது என்பது விளங்கும்.

பந்தயத்துக்கு முந்தின வாரத்தில் இக்காலத்துப் பத்திரிகைகள் வெளியிடும் முன்னோட்டங்களைப் படித்தால், அவை பெரும்பாலும் கணக்குப் பாடமாகவே இருக்கக் காண்கிறோம். இந்தக் கட்சி எத்தனை வென்றது, அந்தக் கட்சி எத்தனை தோற்றது, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் எத்தனை கஜம் வீசினான், இன்று வென்றால் மாகாணப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் எந்த வரிசை கிடைக்கும், தோற்றால் எந்த வரிசைக்கு இறங்கும் என்றெல்லாம் அவை விஸ்தரிக்கின்றன. இவை தப்பல்ல. ஆனால் 1894-ஆம் ஆண்டு தொடங்கி நூற்று முப்பது தடவைக்கு மேல் நடந்திருக்கும் ஒரு பந்தயத்தை ஒரு பருவத்தின் கணக்கைக் கொண்டு அளக்கப் புகுவது, வழக்கின் பூர்வோத்தரம் அறியாமல் கடைசி வாய்தாவுக்கு மட்டும் வந்து உட்கார்ந்தவன் தீர்ப்பை ஊகிப்பது போன்றது என்பது என் அபிப்பிராயம்.

அந்த 1894-ஆம் ஆண்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். முந்தின ஆண்டில் அமெரிக்காவின் பாங்கிகளும் ரயில்வே கம்பெனிகளும் வரிசையாக முறிந்து, லட்சக்கணக்கான தொழிலாளிகள் வேலையிழந்து தெருவில் நின்றார்கள். மாஸிலனில் கல் சுரங்கம் வைத்திருந்த ஜேக்கப் காக்ஸி என்னும் செல்வர், சர்க்கார் சாலை போடும் வேலையைத் தொடங்கி இவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டுமென்ற கோரிக்கையோடு, அவ்வாண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று, ஏறக்குறைய நூறு பேரைச் சேர்த்துக்கொண்டு மாஸிலனிலிருந்து வாஷிங்டன் நகரத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். வழியில் கூட்டம் பெருகிற்று. மே மாதம் முதல் தேதி தலைநகரை அடைந்தபோது, பார்லிமெண்டு மாளிகையின் புல்தரையை மிதித்தார் என்ற குற்றத்துக்காக அவரைக் கைது செய்தார்கள். அமெரிக்கச் சரித்திரத்தில் தலைநகரை நோக்கி நடந்த முதல் பெரிய எதிர்ப்பு யாத்திரை இது. அந்த வசந்தத்தில் வேலையில்லாதவர்களை வழியனுப்பிய அதே ஊர், அதே வருஷத்து இலையுதிர் காலத்தில் தன் பள்ளிப் பிள்ளைகளைக் கேன்டன் பிள்ளைகளோடு பந்தாட அனுப்பியது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இருந்ததாக நான் சாதிக்கவில்லை. ஆனால் இந்தப் பந்தயம் பிறந்த ஊர் எத்தகையது, அந்த ஊரில் எத்தகைய ஜனங்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி.

பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் அந்த நாளில் யாருக்கும் பெரிய விஷயமாக இருக்கவில்லை. ஊரின் கர்வமெல்லாம் பெரியவர்களின் கட்சிகளில் தங்கியிருந்தது. 1903-ஆம் ஆண்டில் மாஸிலன் நகரத்தார் டைகர்ஸ் என்ற பெயரில் ஒரு கட்சி அமைத்து, வெளியூர்களிலிருந்து கெட்டிக்காரர்களைப் பணம் கொடுத்து வரவழைத்து, ஒஹையோ மாகாணத்திலேயே முதலிடம் தங்களுடையது என்று கொண்டாடத் தலைப்பட்டார்கள். பக்கத்தூரான கேன்டனுக்கு இது பொறுக்குமா? அவர்களும் தங்களுடைய புல்டாக்ஸ் கட்சிக்குப் பணத்தை வாரி இறைத்தார்கள். 1906-இல் மாஸிலன் கட்சியின் ஆட்டக்காரர்களிலேயே சிலரை அதிகச் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டார்கள். அவ்வாண்டு நவம்பரில் இரண்டு பந்தயங்கள் நடந்தன. முதலாவதில் கேன்டன் 10-5 என்ற கணக்கில் வென்றது; இரண்டாவதில் மாஸிலன் 13-6 என்று வென்று பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. உடனே மாஸிலன் பத்திரிகையொன்று, கேன்டனின் பயிற்சியாளரான பிளாண்டி வாலஸ் சூதாட்டக்காரர்களோடு சேர்ந்து பந்தயத்தின் முடிவை முன்கூட்டியே விலை பேச முயன்றார் என்று குற்றம் சாட்டியது. வாலஸ் மறுத்தார்; அவதூறு வழக்குத் தொடுத்தார். குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் மெய் என்பதில் சரித்திரக்காரர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை. பணமும் நம்பிக்கையும் ஒருசேரத் தீர்ந்துபோயின. இரண்டு ஊர்களிலும் சம்பளக் கால்பந்து சில ஆண்டுகள் படுத்துவிட்டது.

அது எழுந்தது 1915-ஆம் ஆண்டில். செவ்விந்திய குலத்தில் பிறந்து, 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்ற ஜிம் தார்ப் என்னும் மகா வீரரைக் கேன்டன் நகரத்தார் அழைத்து வந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1920 செப்டம்பர் 17-ந் தேதி, கேன்டனில் ஹப்மொபீல் மோட்டார் வண்டிகள் விற்கும் ரால்ஃப் ஹே என்பவருடைய கடையில், பல ஊர்க் கட்சிகளின் பிரதிநிதிகள் கூடி, உட்கார நாற்காலி போதாமல் வண்டிகளின் மிதிபலகைகள்மீது அமர்ந்து, ஒரு சங்கத்தை ஸ்தாபித்தார்கள். ஜிம் தார்ப்பையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று கோடானுகோடி டாலர் புரளும் தேசியக் கால்பந்து லீகு அதுதான். அந்தக் கூட்டத்திலேயே மாஸிலன், அவ்வாண்டு ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்வதாகத் தெரிவித்துவிட்டது. கேன்டன் 1922-லும் 1923-லும் லீகின் பட்டத்தை வென்றது. ஆயினும் சிறிய ஊரின் டிக்கெட்டு வசூல் பெரிய வீரர்களின் சம்பளத்துக்குக் காணாமல், 1926-க்குப் பிறகு அங்கும் சம்பளக் கட்சி இல்லாமல் போயிற்று.

இவ்விடத்தில் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சம்பளக்காரர்கள் போனார்கள், விரோதம் போகவில்லை. டைகர்ஸ் என்ற பெயரும் புல்டாக்ஸ் என்ற பெயரும் போகவில்லை. பெரியவர்கள் கழற்றிப் போட்ட பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகள் அணிந்துகொண்டார்கள். இரண்டு ஊர்களின் பத்திரிகைகளும் ஒன்றையொன்று சீண்டி எழுதிப் பழகிய பேனாக்களைப் பள்ளிப் பந்தயத்தின் பக்கம் திருப்பிக்கொண்டன. கேன்டன் பள்ளிக்கு, அந்த ஊரில் வாழ்ந்து, தன் வீட்டு முகப்பில் நின்றபடியே 1896-ஆம் ஆண்டுத் தேர்தல் பிரசாரம் செய்து ஜனாதிபதியாகி, 1901-இல் கொலையுண்ட வில்லியம் மெக்கின்லியின் பெயர் சூட்டப்பட்டது. மாஸிலன் பள்ளி வாஷிங்டன் பெயரைத் தாங்கியது. இவ்வாறு பெரியவர்களின் ஆஸ்தியும் கடனும் ஒருங்கே பிள்ளைகளின் தலைமேல் வந்து இறங்கின. இந்தப் பந்தயத்தின் வேகத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள், கல்வி இலாகாவிலோ விளையாட்டுச் சங்கத்தின் விதிப் புத்தகத்திலோ தேடிப் பயனில்லை. இந்த வாரிசு உரிமையிலேயே தேட வேண்டும்.

அந்த உரிமையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிய மனிதர் ஒருவர் இருந்தார். நார்வாக் என்னும் ஊரில் 1908-ஆம் ஆண்டு பிறந்து, ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த தகப்பனாரோடு சிறு வயதிலேயே மாஸிலனுக்குக் குடிவந்த பால் பிரௌன், அந்தப் பள்ளியிலேயே குவார்ட்டர்பேக்காக ஆடியவர். உடம்பு ஒல்லி, புத்தி கூர்மை. கல்லூரிப் படிப்பு முடித்து, மேரிலாண்டில் செவர்ன் என்னும் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்துவிட்டு, 1932-இல் தாம் படித்த பள்ளிக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு கூட முழுதாக நிறையவில்லை. தேசமெங்கும் பொருளாதார மந்தம். ஆலைகளில் பாதி அடுப்பு அணைந்திருந்த காலம். அவர் செய்த காரியம் பையன்களை அடித்து ஓட்டுவதன்று, அவர்களை வகுப்பறையில் உட்கார வைத்ததுதான். ஒவ்வொரு பையனிடமும் ஒரு நோட்டுப் புத்தகம்; ஒவ்வோர் ஆட்ட முறையையும் அவனே தன் கையால் எழுதி வரைய வேண்டும்; பிறகு பரீட்சை. ஊரிலுள்ள நடுநிலைப் பள்ளிகளிலும் அதே முறைகளை அதே பெயர்களோடு கற்பிக்கச் செய்தார். ஆகையால் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேரும் பையனுக்கு ஆட்டத்தின் இலக்கணம் ஏற்கெனவே நாவில் இருந்தது.

எல்லாம் சரிதான், ஆனால் மெக்கின்லியை வெல்ல முடியவில்லை. 1932-இலும் முடியவில்லை, 1933-இலும் முடியவில்லை. 1934-இல் மாஸிலன் ஒன்பது பந்தயங்களையும் வென்றுவிட்டுக் கடைசியாகக் கேன்டனைச் சந்தித்தது. 21-6 என்று தோற்றது. ஒன்பது வெற்றிகளையும் ஊர் மறந்துவிட்டது. மறு வருஷம் 6-0 என்று ஒரே ஒரு தடவை எல்லையைத் தொட்டு வென்றபோதுதான் பிரௌனுடைய உத்தியோகம் நிலைத்தது என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு அவர் மெக்கின்லியிடம் தோற்கவேயில்லை. 1938, 1939, 1940 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்குப் பத்துப் பந்தயம், பத்தும் வெற்றி. ஒன்பது ஆண்டுகளின் மொத்தக் கணக்கு 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமநிலை. கடைசி வருஷமாகிய 1940-இல் அவருடைய கட்சி எடுத்த புள்ளிகள் 477. எதிரிகள் அனைவரும் சேர்ந்து எடுத்தவை 6. அந்த ஆறும் யாருடையவை? மெக்கின்லியுடையவை. அன்று மாஸிலன் 34-6 என்று வென்றது. ஆயினும் அந்த வருஷம் மாஸிலனின் எல்லையைத் தொட்டவர்கள் தாங்கள் மட்டுமே என்ற பெருமை கேன்டன்காரர்களுக்கு நெடுநாள் ஆறுதலாக இருந்தது.

தோற்றவர்களின் வரிசையிலும் ஒரு மகா புருஷன் நின்றுகொண்டிருந்தான். ஜார்ஜியாவில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே கேன்டனுக்கு வந்த மாரியன் மாட்லி என்னும் நீக்ரோ இளைஞன் மெக்கின்லி பள்ளிக்கு மூன்று ஆண்டுகள் ஆடினான். அந்த மூன்று ஆண்டுகளில் அவன் கட்சி தோற்ற பந்தயங்கள் மூன்றே. மூன்றும் பால் பிரௌனுடைய மாஸிலனிடம். சம்பளக் கால்பந்தில் கறுப்பர்களுக்குக் கதவு சாத்தியிருந்த காலம் அது. 1934 முதல் 1945 வரையில் தேசிய லீகில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. யுத்தம் முடிந்து, 1946-இல் கிளீவ்லாண்டு நகரத்தில் ஒரு புதுக் கட்சியைப் பால் பிரௌன் அமைத்தபோது, பில் வில்லிஸ் என்பவரோடு மாரியன் மாட்லியையும் சேர்த்துக்கொண்டார். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்ஸன் நிறத் தடையை உடைத்தது அதற்கு அடுத்த ஆண்டு. உலகம் ராபின்ஸனை அறியும், மாட்லியை அவ்வளவாக அறியாது. பிரௌன் இதைத் தர்மோபதேசமாகச் செய்யவில்லை; வெல்லக்கூடிய ஆட்டக்காரன் எவன் என்பது ஒன்றே அவருடைய நோக்கம். அந்த நோக்கத்தை அவர் எங்கே பெற்றார் என்று கேட்டால், மூன்று இலையுதிர் காலங்களில் எதிர்ப்பக்கத்து மைதான ஓரத்தில் நின்று, அந்தப் பையனைத் தடுப்பதற்கு வழி யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டபோது பெற்றார் என்று நான் சொல்வேன். 1968-இல் மாட்லியின் பெயர் கால்பந்து வீரர்களின் கீர்த்தி மண்டபத்தில் ஏறியது. அந்த மண்டபம் இருக்கும் ஊர் கேன்டன். 1959-இல் அவ்வூர்ப் பத்திரிகையான ரெபாஸிடரி பிரசாரத்தைத் தொடங்க, ஜனங்கள் நன்கொடை திரட்ட, 1963 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

வெற்றிகளை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் சரித்திரம் பொய்யாகிவிடும். 1937-ஆம் ஆண்டு கோடையில் ரிபப்ளிக் எஃகுக் கம்பெனியின் தொழிலாளிகள் சங்கம் அமைக்கும் உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை மாதம் 11-ந் தேதி இரவு மாஸிலனில் வேலைநிறுத்தக்காரர்களின் கூட்டத்தின்மீது போலீஸார் சுட்டதில் மூவர் மாண்டார்கள். ஊர் இரண்டுபட்டு நின்றது. ஒரே தெருவில் இருந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலும் பந்தயம் நடந்தது; சுட்டவர்களின் உறவினரும் சுடப்பட்டவர்களின் உறவினரும் ஒரே காலரியில் உட்கார்ந்து ஒரே நிறத்தை அணிந்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. இந்த ஆட்டம் ஊரை ஒன்றுபடுத்தியது என்று உள்ளூர் அபிமானிகள் எழுதுகிறார்கள். ஒன்றுபடுத்தியதோ, அல்லது நியாயம் கேட்க வேண்டிய வாயைச் சனிக்கிழமைதோறும் வேறு கூச்சலில் மூழ்கடித்ததோ, எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் உண்மை இருக்கலாம்.

வேலையில்லாதவருக்குச் சர்க்கார் பொதுவேலை கொடுக்க வேண்டுமென்று காக்ஸி 1894-இல் கேட்டது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில் நாற்பது ஆண்டு கழித்து நிறைவேறியது. அப்படிக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்றாகவே மாஸிலனில் 1939-இல் ஒரு ஸ்டேடியம் எழுந்தது. பதினாறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அன்றைய ஜனத்தொகை ஏறக்குறைய இருபத்தாறாயிரம். ஊரில் பாதிக்கு மேல் ஒரே சமயத்தில் உட்காரக்கூடிய ஒரு பள்ளி மைதானத்தை வேறு எங்கே காண்பது? கேன்டனும் சும்மா இருக்கவில்லை. அதே வருஷங்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் ஃபாஸெட் ஸ்டேடியத்தைக் கட்டி முடித்தது. அன்று முதல் ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று பந்தயம் முறை மாறி நடந்து வருகிறது. பால் பிரௌன் 1938-இல் ஜார்ஜ் பேர்டு என்னும் சங்கீத ஆசிரியரையும் கொண்டுவந்தார். ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தில் ஆடிப் பாடும் பேண்டு வாத்தியத்தை அவர் ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார். மாஸிலனில் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தையின் தொட்டிலிலும் ஆஸ்பத்திரியிலேயே ஒரு சிறு கால்பந்தை வைக்கும் சம்பிரதாயத்தை ரசிகர் சங்கத்தார் ஏற்படுத்தினார்கள். இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்; அந்தக் குழந்தைகளிற் பலர் பதினாறு ஆண்டு கழித்து மெய்யாகவே மைதானத்துக்கு வந்தார்கள்.

பிரௌன் 1941-இல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற வெற்றித் தொடர் மேலும் நீண்டு, தோல்வியறியாத 52 பந்தயங்களாக வளர்ந்தது. 1942-இல் அதை முறித்தது யார் என்று வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். மெக்கின்லி 35-0 என்று முறித்தது. அந்த வாரத்துக் கணக்கைக் கொண்டு முன்னோட்டம் எழுதியவர்கள் என்ன எழுதியிருக்கக் கூடும் என்று யோசித்துப் பார்ப்பது சுவாரசியமான விஷயம்.

அந்த நாளில் மாகாணப் பட்டம் என்பது மைதானத்தில் தீர்மானிக்கப்பட்டதன்று. 1947 முதல் அஸோஸியேட்டட் பிரஸ் என்னும் செய்தி ஸ்தாபனம் பத்திரிகையாளர்களின் வாக்கை எடுத்து, எந்தப் பள்ளி முதல்வரிசை என்று அறிவித்து வந்தது. சக் மேதர் என்பவருடைய பயிற்சியில் மாஸிலன் 1948 முதல் 1953 வரை 57 பந்தயங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்று, ஆறு ஆண்டுகளும் பட்டம் பெற்றது. 1964-லும் 1965-லும் ஏர்ல் புரூஸின் கட்சிகள் ஒரு தோல்வியும் காணவில்லை. இவ்வாறு வாக்கினால் வந்த பட்டங்கள் மாஸிலனுக்கு ஏராளம். எதிர்க்கட்சிக்காரன் அவற்றைப் பார்த்து, காகிதத்தில் வந்த பட்டம் என்று ஏளனம் செய்ய இடமும் ஏராளம்.

1972-இல் இந்த நிலை மாறியது. மாகாணப் பள்ளி விளையாட்டுச் சங்கம் பிளேஆஃப் முறையைக் கொண்டுவந்தது. பள்ளிகளை மாணாக்கர் தொகைப்படி மூன்று வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு நான்கு கட்சிகள் வீதம் பன்னிரண்டே கட்சிகளுக்கு இடம் கொடுத்தது. நூற்றுக்கணக்கான பள்ளிகளில் இந்தப் பன்னிரண்டைப் பொறுக்குவது எப்படி? ஜாக் ஹார்பின் என்பவர் வகுத்த கணக்கு இதற்குப் பயன்பட்டது. அதன் சூட்சுமம் இது: நீ ஒரு கட்சியை வென்றால் உனக்குப் புள்ளி உண்டு, நீ வென்ற அந்தக் கட்சி மற்றவர்களை வெல்லுந்தோறும் உனக்கு மேலும் புள்ளி உண்டு. ஆகவே செப்டம்பரில் உன்னிடம் உதைபட்டுப் போனவன் அக்டோபரில் நன்றாக ஆட வேண்டுமென்று நீயே பிரார்த்திக்க வேண்டியதாயிற்று. கடைசி வாரத்தில் மாஸிலன் ரசிகர் தம் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டே, நூறு மைலுக்கு அப்பால் தமக்குச் சம்பந்தமில்லாத இரண்டு ஊர்களின் பந்தயம் எப்படிப் போகிறது என்றும் விசாரிக்கலானார். முன்னோட்டம் கணக்குப் பாடமானது இந்த நாளிலிருந்துதான். பலசாலியின் வெற்றியைப் பலவீனனின் வெற்றியிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு இதைவிட நியாயமான சூத்திரம் எளிதில் அகப்படாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆரம்ப வருஷங்களில் இடம் குறைவாக இருந்தமையால், கடைசிச் சனிக்கிழமையில் தோற்றவன் கதை அன்றோடு முடிந்தது. பிறகு இடங்கள் பெருகின. ஒவ்வொரு பிரிவிலும் 1999-இல் வட்டாரத்துக்கு எட்டுக் கட்சிகள், 2021-இல் வட்டாரத்துக்குப் பதினாறு. இப்பொழுது மாஸிலனிடம் தோற்றுவிட்டு மெக்கின்லியும், மெக்கின்லியிடம் தோற்றுவிட்டு மாஸிலனும் சாவகாசமாகப் பிளேஆஃப் வாசலில் நுழையலாம். போதாக்குறைக்கு, மாணாக்கர் தொகை வித்தியாசத்தினால் அண்மைக் காலத்தில் இரண்டு பள்ளிகளும் வெவ்வேறு பிரிவில் நின்றிருக்கின்றன. சூத்திரத்தின்படி பார்த்தால், பருவத்தின் கடைசியான பத்தாம் வாரத்தில் நடக்கும் இந்தப் பந்தயத்தின் மகிமை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. 1994-இல் நூறாவது சந்திப்பு நடந்தபோது, ஆட்ட நேரம் முடிந்தும் சமநிலை தீராமல் மேலதிக நேரத்துக்குப் போய், மெக்கின்லி 42-41 என்று ஒரே புள்ளியில் வென்றது. அந்த ஒரு புள்ளியை மாஸிலன் முதியவர்கள் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு, அவ்வாண்டுப் பிளேஆஃப் வரிசையை யாரும் வைத்திருக்கவில்லை.

இதற்கிடையில் ஆலைகள் ஒடுங்கின. 1950-இல் 1,16,000-க்கு மேல் இருந்த கேன்டனின் ஜனத்தொகை 2020-இல் 71,000-க்கும் கீழே இறங்கியது. தகப்பனும் பாட்டனும் வேலை பார்த்த உலைகள் மறைந்த ஊரில், பையனின் ஆட்டம் ஒன்றுதான் பழைய கீர்த்தியின் மிச்சமாக நின்றது. அதன் பாரமும் அதற்குத் தகுந்தபடி ஏறியது. 2001-இல் வெளியான கோ டைகர்ஸ் என்ற செய்திப்படம் மாஸிலனின் 1999-ஆம் ஆண்டுப் பருவத்தைக் காட்டுகிறது. பள்ளிக்கூடத்தை நடத்தப் பணமில்லாமல், புதிய வரிக்கு ஊராரின் வாக்கைக் கேட்கிறார்கள். கட்சி நன்றாக ஆடினால் வாக்கு விழும் என்ற எண்ணம் எல்லோர் முகத்திலும் தெரிகிறது. நல்ல உடற்கட்டுள்ள பையன்கள் எட்டாம் வகுப்பைப் படித்துத் தேறிய பிறகும், ஒரு வயது கூடுதலாக வளர்ந்து ஆடும் பொருட்டு அதே வகுப்பில் மறுபடி உட்காரும் வழக்கமும் அதில் பேசப்படுகிறது. உபாத்தியாயர்களின் சம்பளத்தையும் நூல்நிலையத்தின் விளக்கையும் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பந்தை நழுவவிடாமல் பிடிப்பதோடு முடிச்சுப் போடுவது எந்த ஊருக்கும் அழகன்று. இந்தச் சம்பிரதாயத்தை எவ்வளவு ரசித்தாலும், இவ்விடத்தில் நான் அவர்களோடு சேர முடியாது.

பிளேஆஃப் யுகத்தில் மெக்கின்லிக்கே அதிர்ஷ்டம் முந்தியது. 1981-லும் 1997-லும் 1998-லும் அது மாகாணப் பட்டத்தை மைதானத்திலேயே வென்றது. மாஸிலனோ 1980, 1982, 2005, 2018, 2019, 2020 என்று ஆறு தடவை இறுதிப் பந்தயம் வரை போய் ஆறு தடவையும் தோற்றது. காகிதப் பட்டம் என்ற பழைய ஏளனம் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கூர்மையடைந்தது. கடைசியில் 2023 நவம்பர் 30-ந் தேதி இரவு, ஆக்ரன் நகரத்து ஹோபன் பள்ளியை எதிர்த்து மாஸிலன் இரண்டாம் பிரிவின் இறுதிப் பந்தயத்தை ஆடியது. அது நடந்த இடம், ஃபாஸெட் ஸ்டேடியத்தை இடித்தும் புதுக்கியும் டாம் பென்ஸன் பெயரில் எழுப்பியிருக்கும் கேன்டன் மைதானம். அதாவது எதிரியின் வீடு. மாஸிலன் 7-2 என்று வென்றது. அவ்வாண்டு ஆடிய பதினாறு பந்தயங்களிலும் அதற்குத் தோல்வியில்லை. பத்தாம் வாரத்தில் மெக்கின்லியையும் வென்றிருந்தது. மெக்கின்லியின் மூன்று பிளேஆஃப் பட்டங்களுக்கு எதிரே மாஸிலனுக்கு இப்பொழுது ஒன்று இருக்கிறது.